சிறிய அமெரிக்க நகரங்களில் இளையோர் கும்பல்கள்: யார் சுடுகிறார்கள், எது அவர்களை நிறுத்தியது?

"அமெரிக்காவில் தெருக்கும்பல் என்றால் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்றுதான் படித்திருக்கிறோம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர்களிலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்களே, பெருநகரக் கும்பல்கள் அங்கெல்லாம் கிளை பரப்பிவிட்டனவா? காவலர்களைக் கூடுதலாக இறக்கினால் அடங்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் என் பதில் 'இல்லை' என்பதே. அந்த ஊர்களின் கும்பல்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே, அந்தந்தத் தெருவிலேயே உருவானவை. பெருநகரக் கும்பலின் பெயரையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டாலும், அங்கிருந்து அவற்றுக்கு ஆணையோ சம்பளமோ வருவதில்லை. காவலர் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் வன்முறை அடங்கியதாகவும் தெரியவில்லை. ஆனால் இதை வைத்து நிலைமை கைமீறிவிட்டது என்ற முடிவுக்கு வரவேண்டாம். ஒரு சிறிய நகரத்தில் உண்மையில் துப்பாக்கி எடுப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் யார் என்பது அந்த ஊருக்கே தெரியும். அவர்களைத் தேடிப்போய் அவர்களோடு நாள்தோறும் உழைத்த இடங்களில் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் ரிச்மண்ட், சலீனாஸ், மாசசூசெட்ஸின் லோவெல் ஆகிய மூன்று நகரங்களை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் அளவைப் பார்க்கலாம். அமெரிக்க நீதி அமைச்சகத்தின் ஆதரவில் பல ஆண்டுகள் நடந்த தேசிய இளையோர் கும்பல் கணக்கெடுப்பு, 2012இல் நாடு முழுவதும் சுமார் 30,700 கும்பல்களும் 8,50,000 உறுப்பினர்களும் இருப்பதாக மதிப்பிட்டது. இவை காவல்துறைகள் தந்த மதிப்பீடுகள். ஒரு துறை கும்பல் என்று எழுதுவதை இன்னொரு துறை நண்பர் கூட்டம் என்று விட்டுவிடும் என்பதால் இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு வேறுபாடு அந்தக் கணக்கெடுப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. பத்து, இருபதாயிரம் பேர் வாழும் சிற்றூர்களில் கும்பல்கள் தோன்றினாலும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. நாலைந்து பையன்கள் ஊரைவிட்டுப் போனாலோ பள்ளிப்படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்தாலோ அந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒரு லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட நகரங்களில்தான் நிலைமை மாறுகிறது. அங்கே ஒரு தலைமுறை வெளியேறும்போது அடுத்தது வந்து நிரப்பும் அளவுக்கு ஆள் உண்டு. அதே நேரத்தில் பெருநகரத்துக்கு இருக்கும் வரி வருவாயோ பெரிய மருத்துவமனைகளோ பல்கலைக்கழகங்களோ செய்தி நிறுவனங்களோ அங்கே இருப்பதில்லை. அதனால்தான் இத்தகைய நகரங்களில் சில, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், சிகாகோவையும் மிஞ்சிய கொலை விகிதத்தோடு ஆண்டுக்கணக்கில் தவித்திருக்கின்றன.

கிளை பரப்புகிறார்கள் என்ற நம்பிக்கை 1990களில் மிகப் பரவலாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கும்பல்கள் போதைப்பொருள் சந்தை தேடி நாடெங்கும் ஆள் அனுப்புகின்றன என்று செய்தித்தாள்கள் எழுதின. ஷெரில் மாக்சன் என்ற குற்றவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கணக்கான நகரங்களின் காவல்துறைகளிடம் விசாரித்தபோது கிடைத்த பதில் வேறாக இருந்தது. இடம்பெயர்ந்து வந்த கும்பல் உறுப்பினர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வந்தவர்கள். தாய்க்கு வேலை கிடைத்தது, வாடகை குறைவாக இருந்தது, அல்லது பையனைக் கெட்ட சேர்க்கையிலிருந்து மீட்கவேண்டும் என்று பெற்றோரே ஊர் மாற்றினார்கள். அந்த நகரங்களில் பெரும்பாலானவற்றில் அவர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர்க் கும்பல்கள் இருந்தன. 'கிரிப்ஸ்', 'பிளட்ஸ்', 'லத்தீன் கிங்ஸ்' போன்ற பெருநகரக் கும்பல்களின் பெயர்களைப் பல ஊர்ப் பையன்கள் திரைப்படத்திலிருந்தும் பாட்டிலிருந்தும் ஒன்றுவிட்ட சகோதரனிடமிருந்தும் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு, சலீனாஸ் அவற்றில் ஒன்று, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ரிச்மண்ட். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், செவ்ரான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி அமைந்த நகரம் இது. 1940இல் அங்கே சுமார் 23,000 பேர்தான் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்காக ஹென்றி கைசர் நான்கு கப்பல் கட்டும் தளங்களை அங்கே நிறுவியதும், லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களும் ஏழை வெள்ளையர்களும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கள்தொகை நான்கு மடங்காகிவிட்டது. போர் முடிவதற்குள் அந்தத் தளங்களில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் தளங்கள் மூடப்பட்டன. 1950களின் நடுவில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையும் மில்பிடாசுக்கு மாறிச் சென்றது. வேலை போனபோது வெள்ளைக் குடும்பங்கள் புறநகர்களில் வீடு வாங்கிப் போக முடிந்தது; கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த வீடுகளும் கடன்களும் மறுக்கப்பட்டன. அவர்கள் தங்க நேர்ந்த இடங்களில் ஒன்று, மூன்று ரயில் பாதைகளுக்கு நடுவே சிக்கியதால் 'இரும்பு முக்கோணம்' என்று பெயர் பெற்ற பகுதி. பின்னாளில் ஊரின் துப்பாக்கிச் சூடுகள் எந்தத் தெருக்களில் நடந்தன என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், இரும்பு முக்கோணமும் வடக்கு, தெற்கு ரிச்மண்டும்தான் திரும்பத் திரும்ப வரும். பையன்களின் பகைக்கு வயது இருபது இருக்கலாம்; அவர்கள் நிற்கும் தெருக்களின் வறுமை அறுபது ஆண்டுக்கு முன் திட்டமிட்டே உருவாக்கப்பட்டது.

2007இல் ரிச்மண்டில் 47 பேர் கொலையுண்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு 45க்கும் மேல் என்பது அதன் விகிதம். அந்த ஆண்டு தேசிய சராசரி 6க்கும் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு, கொலை நடந்த இடங்களிலேயே கூடாரம் அடித்துப் பொதுமக்கள் வாரக்கணக்கில் தங்கி, சுடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மோதிக்கொண்டவை மத்திய ரிச்மண்ட், தெற்கு ரிச்மண்ட், வடக்கு ரிச்மண்ட் என்ற மூன்று பகுதிகளின் பையன்கள். பகை போதைப்பொருள் வணிகத்துக்காக என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்தார்கள். உண்மையில் பெரும்பாலான சூடுகளுக்குக் காரணம் முந்தைய சூடுதான். ஒருவன் கொல்லப்படுகிறான், அவனுடைய நண்பர்களுக்குக் கொன்றவன் யார் என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடுகிறது, காவல்துறைக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை, இறந்தவனுடைய தம்பி பதினைந்து வயதில் ஒரு துப்பாக்கியைத் தேடுகிறான். முதல் சண்டை எதற்காக வந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

நகராட்சி 2007இல் அண்டைப்பகுதிப் பாதுகாப்பு அலுவலகம் என்ற ஒன்றைத் தொடங்கி, டெவோன் போகன் என்பவரை அதன் தலைவராக்கியது. இது காவல்துறையின் பிரிவு அல்ல. நகராட்சியின் தனித் துறை. இதில் களப்பணிக்கு எடுக்கப்பட்டவர்களில் பலர் அதே தெருக்களில் வளர்ந்து, துப்பாக்கிக் குற்றங்களுக்காகச் சிறை சென்று திரும்பியவர்கள். தாங்கள் கேட்டறிவதைக் காவல்துறைக்குச் சொல்லமாட்டோம் என்பது அவர்களுடைய முதல் விதி. அந்த விதி இல்லாமல் ஒரு பையனும் வாய் திறக்கமாட்டான். ஊரின் துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பகுதிக்கு முப்பதுக்கும் குறைவான ஆட்களே காரணம் என்று காவல்துறையே நம்பியது. போகன் அதிலிருந்து ஒரு நேரான முடிவுக்கு வந்தார்: ஆயிரம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுப்பதை விட, அந்த முப்பது பேரையும் தேடிப்பிடிப்பதே அவசரம்.

2010இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்டும் ஆதாரம் இல்லாததால் வழக்கு இல்லாமல் வெளியே இருந்த இளைஞர்களை நகர மண்டபத்துக்கு அழைத்து, மரியாதையாக உட்காரவைத்து, பதினெட்டு மாதம் எங்களோடு சேர்ந்து உழைக்கிறீர்களா என்று கேட்டார்கள். களப்பணியாளர் ஒரு நாளில் பலமுறை அவனைத் தொடர்புகொள்வார். ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ், கோபத்தை அடக்கப் பயிற்சி, பழைய நீதிமன்ற அபராதத்தைக் கட்டி முடிப்பது என்று ஒவ்வொருவனுக்கும் தனியாக ஒரு வாழ்க்கைத் திட்டம் எழுதப்படும். ஆறு மாதம் ஒழுங்காகத் தொடர்ந்தவனுக்கு, திட்டத்தில் அவன் முன்னேறும் அளவைப் பொறுத்து, மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகையும் உண்டு. 'கொலைகாரர்களுக்குச் சம்பளமா' என்று நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது இதனால்தான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது; பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஆனால் ஒரே ஒரு துப்பாக்கிக் காயத்துக்கான அறுவைச் சிகிச்சை, வழக்கு விசாரணை, ஆண்டுக்கணக்கான சிறைவாசம் ஆகியவற்றுக்கு அரசு செலவிடும் பணத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த உதவித்தொகை மிகச் சிறியது. அதற்கான பணத்தில் பெரும்பகுதியும் தனியார் நன்கொடையிலிருந்தே வந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பணம் பற்றிய பகுதி அல்ல, பயணம் பற்றியது. திட்டத்தில் நன்றாகத் தொடர்ந்தவர்களை வெளியூர்களுக்கு, தென்னாப்பிரிக்கா வரைகூட, அழைத்துச் சென்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: மாநிலத்துக்கு வெளியே போகவேண்டுமானால் எதிர்த் தரப்பைச் சேர்ந்த ஒருவனோடு சேர்ந்துதான் போகவேண்டும். முந்தைய மாதம் வரை ஒருவனையொருவன் சுடத் தேடிய இருவர், ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, இருவருக்குமே புரியாத மொழி பேசும் ஊரில் வழி கேட்டு அலைந்தார்கள். எட்டுத் தெருக்களுக்கு அப்பால் கால்வைத்தால் உயிர் போகும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஊர் திரும்பிய பிறகு நண்பர்களாகிவிடவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரவு ஒரு வதந்தி கிளம்பும்போது தொலைபேசியில் 'நீதானா?' என்று கேட்கும் அளவுக்கு ஒரு வழி திறந்தால் போதும் என்பதே கணக்கு.

2014இல் ரிச்மண்டில் கொலைகள் 11ஆகக் குறைந்திருந்தன. பிறகு ஏறியும் இறங்கியும், அண்மைய ஆண்டொன்றில் ஒற்றை இலக்கத்துக்கும் வந்தன. எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. அதே காலத்தில் காவல்துறைத் தலைவராக இருந்த கிறிஸ் மேக்னஸ், ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான காவலர்களை ஒதுக்கி, அந்தப் பகுதி மக்களோடு அவர்கள் பழகுவதைப் பதவி உயர்வுக்கான அளவுகோலாக்கினார். தேவாலயக் குழுக்கள் இரவுகளில் தெருக்களில் நடந்தன. 2019இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியான ஆய்வு, ரிச்மண்டைக் கலிபோர்னியாவின் மற்ற நகரங்களோடு புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு, துப்பாக்கியால் ஏற்பட்ட மரணங்களும் மருத்துவமனை வருகைகளும் ஆண்டுக்கு 55 விழுக்காடு குறைந்ததாகவும், துப்பாக்கிக் குற்றங்கள் 43 விழுக்காடு குறைந்ததாகவும் மதிப்பிட்டது. அதே ஆய்வு, துப்பாக்கி இல்லாத வன்முறையால் ஏற்பட்ட மரணங்களும் மருத்துவமனை வருகைகளும் 16 விழுக்காடு கூடியதையும் பதிவுசெய்தது. திட்டத்தின் ஆதரவாளர்கள் இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. கைகலப்பாகவும் கத்திக்குத்தாகவும் சில இடங்களில் அது வெளிப்பட்டிருக்கக்கூடும். ஆனாலும், குத்துப்பட்டவன் பிழைப்பதற்கான வாய்ப்பும் சுடப்பட்டவன் பிழைப்பதற்கான வாய்ப்பும் ஒன்றல்ல என்பதால், இந்த மாற்றத்தை நான் வெற்றி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சலீனாஸ் வேறு வகை. மான்டரே மாவட்டத்தில், அமெரிக்காவின் கீரையும் லெட்டூசும் பெருமளவில் விளையும் பள்ளத்தாக்கில், சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் நகரம். பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கிழக்குச் சலீனாஸில் ஒரே வீட்டை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். பருவம் மாறும்போது அரிசோனாவின் யூமா வரை அறுவடையைத் தொடர்ந்து போகிறவர்களும் உண்டு. இங்கே கும்பல் என்பது சிறையிலிருந்து வெளியே வந்தது. மெக்சிகன் மாஃபியா என்ற சிறைக்கும்பல் 1950களின் இறுதியிலும், அதற்கு எதிராக வட கலிபோர்னியாக் கைதிகள் உருவாக்கிய நுயெஸ்த்ரா ஃபமிலியா 1960களிலும் தோன்றின. முதலாவதைச் சார்ந்தவர்கள் தெற்கத்தியர் என்னும் 'சுரேன்யோ'. இரண்டாவதைச் சார்ந்தவர்கள் வடக்கத்தியர் என்னும் 'நோர்த்தேன்யோ'. வடக்கத்தியருக்கு அடையாளம் சிவப்பு நிறமும் 14 என்ற எண்ணும். தெற்கத்தியருக்கு நீலமும் 13உம். ஆங்கில எழுத்து வரிசையில் நோர்த்தேன்யோவின் முதல் எழுத்தான 'என்' பதினான்காவது, மாஃபியாவின் முதல் எழுத்தான 'எம்' பதின்மூன்றாவது என்பதே இந்த எண்களுக்குப் பொருள். சலீனாஸிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், அதே மாவட்டத்தின் சோலெடாடில் இரண்டு மாநிலச் சிறைகள் இருக்கின்றன. தெருவில் நிற்கும் பையன், தான் ஒருநாள் அந்தச் சிறைக்குப் போகநேரும், அங்கே யாராவது தன்னைக் காக்கவேண்டும் என்று இப்போதே கணக்குப் போடுகிறான். சிறையிலிருப்பவர்களின் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு இருப்பது அந்த அச்சத்தால்தான்.

இதில் வேதனையான ஒன்று, பல பிள்ளைகள் எந்தப் பக்கம் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. மெக்சிகோவிலிருந்து அண்மையில் வந்து ஸ்பானிய மொழி மட்டும் பேசும் பையனை, அவன் வட கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தாலும், 'தெற்கத்தியன்' என்று மற்றவர்களே முத்திரை குத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவன் 'வடக்கத்தியன்' ஆகிறான். இருவருடைய தாய்மாரும் ஒரே வயலில் அடுத்தடுத்த வரிசையில் லெட்டூஸ் அறுப்பவர்களாக இருக்கலாம்.

2009இல் சலீனாஸில் 29 கொலைகள் நடந்தன. ஏறக்குறைய அனைத்துமே கும்பல் தொடர்புடையவை என்று காவல்துறை சொன்னது. அந்த ஆண்டு, பக்கத்து மான்டரேயிலிருக்கும் கடற்படை முதுகலைப் பள்ளியின் பேராசிரியர்களும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய அதிகாரிகளும் கிளர்ச்சி ஒடுக்கும் முறைகளைப் பற்றி நகராட்சிக்கு ஆலோசனை சொல்ல முன்வந்தார்கள். 2010 ஏப்ரலில் மத்திய, மாநில, உள்ளூர்க் காவலர்கள் சேர்ந்து பெரிய தேடுதல் வேட்டை நடத்திப் பலரைக் கைதுசெய்தார்கள். சிறிது காலம் ஊர் அமைதியானது. 2015இல் கொலைகள் 40ஐத் தொட்டன. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுவே நேரடிப் பதில். தலைவர்களை மொத்தமாகத் தூக்கினால், இருந்த கட்டுப்பாடும் போய், பதினேழு வயதுக்காரர்கள் தங்களுக்குள் இடம் பிடிக்கச் சண்டையிடுகிறார்கள். சிறைக்குப் போனவர்கள் அங்கே இன்னும் இறுக்கமாகச் சேர்ந்து திரும்புகிறார்கள். சலீனாஸின் நிதி நிலையையும் இங்கே சொல்லியாகவேண்டும். இந்த நகரம் 2004 இறுதியில், பணமில்லை என்று தன் மூன்று பொது நூலகங்களையும் மூட முடிவெடுத்தது. பொதுமக்கள் நன்கொடை திரட்டி, அடுத்த ஆண்டு விற்பனை வரியைக் கூட்டிக்கொள்ளத் தாங்களே வாக்களித்துத்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள். பிள்ளைகள் மாலையில் போய் உட்கார ஓர் இடத்தைக்கூடத் திறந்துவைக்க முடியாத நகராட்சி, தனியாக ஒரு தடுப்புத் துறையை எப்படி நடத்தும்?

லோவெல், பாஸ்டனுக்கு வடக்கே மெரிமாக் ஆற்றங்கரையில் அமைந்த பழைய பஞ்சாலை நகரம். ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையிலிருந்து தப்பிய அகதிகள் 1980களில் பெருமளவில் அங்கே குடியேறினார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் மற்றவர்கள் அடித்தார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது, கண்ட கொடுமைகளைப் பேசும் மனமும் இல்லை. தற்காப்புக்குச் சேர்ந்த பையன்கள் பின்பு ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். பாஸ்டனில் 1996 முதல் நடந்த போர்நிறுத்தத் திட்டத்தின் முறையை 2000களின் தொடக்கத்தில் லோவெல் காவல்துறை எடுத்துக்கொண்டது: சுடும் குழுவை அழைத்து, உதவி தயார், சுட்டால் குழு முழுவதன் மீதும் நடவடிக்கை பாயும் என்று முன்கூட்டியே நேரில் சொல்வது. கறுப்பின, இஸ்பானியக் குழுக்களிடம் எடுபட்ட இந்த எச்சரிக்கை ஆசியக் குழுக்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. அவர்கள் தெருவில் போதைப்பொருள் விற்கவில்லை. ஆகவே காவலர்கள் பிடித்து அழுத்துவதற்கு ஒன்றுமில்லை.

அப்போது காவலர்கள் ஆசியப் பகுதியின் சட்டவிரோதச் சூதாட்ட விடுதிகளைக் கவனித்தார்கள். அவற்றை நடத்திய பெரியவர்களுக்கு இந்தப் பையன்கள் மேல் செல்வாக்கு இருந்தது. சிலருக்குப் பையன்கள் காவலுக்கும் நின்றார்கள். காவலர்கள் அந்தப் பெரியவர்களிடமே போனார்கள்: உங்களைச் சேர்ந்த பையன்கள் சுட்டால் உங்கள் விடுதி மூடப்படும். சூடு நடந்தபோது சொன்னபடி மூடினார்கள். அதன்பின் பெரியவர்களே பையன்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். சட்டம் தெரிந்தவர்களுக்கு இது நெருடலாக இருக்கும். சூதாட்டத்தை அமைதிக்கு ஈடாகப் பொறுத்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சமூகத்தில் யாருடைய சொல்லுக்குப் பையன் தலைகுனிவான் என்று தெரிந்து வேலைசெய்தார்கள் என்பதில் ஐயமில்லை. அதே ஊரில் 1999இல் இளைஞர்களே முன்னின்று கேட்டுத் தொடங்கப்பட்ட யூடெக் என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது. சிறையிலிருந்து வரும் இளைஞர்களுக்குப் பழைய மெத்தைகளைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தொழிற்கூடத்திலும் சமையலறையிலும் அங்கே சம்பளத்தோடு வேலை உண்டு. தாமதமாக வந்தாலும் கோபத்தில் கிளம்பிப் போனாலும் மறுபடி வர இடம் உண்டு.

சரி, பிள்ளைகள் ஏன் சேர்கிறார்கள்? நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1988 முதல் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கும்பலில் சேர்வதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் வன்முறை மற்றவர்களைவிடப் பெரிதாக மிகுந்திருக்கவில்லை, சேர்ந்திருந்த காலத்தில் உயர்ந்தது, விலகியதும் குறைந்தது. பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுக்கு மேல் தங்கவுமில்லை. இதை நான் மிக நம்பிக்கை தரும் செய்தியாகக் கருதுகிறேன். பிறவியிலேயே கெட்டவர்கள் கும்பலில் சேர்கிறார்கள் என்றால் காத்திருந்து சிறையில் அடைப்பதைத் தவிர வழியில்லை. கும்பலுக்குள் இருப்பதே அவர்களை மாற்றுகிறது என்றால், அந்த ஓரிரு ஆண்டைக் கடத்திவிட்டாலே ஓர் உயிர், சில நேரங்களில் இரண்டு உயிர், மிஞ்சும்.

ஆனால் சிறிய நகரத்தில் விலகுவது கடினம். சிகாகோவில் ஒருவன் பத்து மைல் தள்ளி வாடகைக்கு வீடு பிடித்தால் அவனை யாருக்கும் தெரியாது. ஒரே உயர்நிலைப் பள்ளியும், ஒரே வால்மார்ட்டும், ஒரே நீதிமன்ற வளாகமும் உள்ள ஊரில் பகைவனைச் சந்திக்காமல் ஒரு வாரம்கூட நகராது. சாட்சி சொன்னவளும் சுட்டவனின் அத்தையும் ஒரே தேவாலயத்தில் அமர்கிறார்கள். இப்போது இதோடு சமூக ஊடகமும் சேர்ந்துவிட்டது. இறந்தவனைக் கேலிசெய்து போடப்படும் அரை நிமிடக் காணொளியை அந்த இரவே ஊரில் உள்ள எல்லாப் பையன்களும் பார்த்துவிடுகிறார்கள், பதிலடி கொடுக்காதவன் கோழை என்று அதன் கீழேயே எழுதுகிறார்கள்.

காவல்துறைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கொலை செய்தவன் பிடிபடாத ஊரில் பழிவாங்கல் நிற்காது. ஆகவே துப்பாக்கிச் சூடுகளைப் பொறுமையாகப் புலனாய்ந்து, சரியான ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துவது எல்லாத் தடுப்பு முயற்சிக்கும் அடித்தளம். கெடுதல் செய்வது கண்மூடித்தனமான வேட்டை. கலிபோர்னியாவின் கும்பல் தரவுத்தளத்தை மாநிலத் தணிக்கையாளர் 2016இல் சோதித்தபோது, பதிவான நேரத்தில் ஒரு வயதுகூட நிரம்பாதவர்களாக 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்களே கும்பல் உறுப்பினர் என்று 'ஒப்புக்கொண்டதாக' எழுதப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் எல்லாப் பையன்களையும் நிறுத்திச் சோதித்தால், நாளைக்குச் சாட்சி சொல்லவேண்டிய தாயும் கதவைச் சாத்திக்கொள்வாள். சிறையைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டித் திருத்தும் திட்டங்களோ, பின்னாளில் குற்றத்தைக் கூட்டவே செய்தன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆனாலும் பள்ளிகள் அவற்றை விரும்பி அழைக்கின்றன.

துப்பாக்கிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைத் தொடாமல் இந்தப் பதில் முழுமையாகாது. பையன்களின் பகை எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அது மரணமாக முடிவதற்குக் காரணம் கைக்கெட்டும் கைத்துப்பாக்கி. கடந்த பத்தாண்டில், தொடர் எண் இல்லாத பாகங்களை அஞ்சலில் வரவழைத்து வீட்டிலேயே கோத்த துப்பாக்கிகள் சிறிய நகரங்களின் பதின்பருவத்தினரிடமும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில்தான் உறுதிசெய்தது. 2020இல் நாட்டின் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியபோது, பள்ளியும் விளையாட்டுத் திடலும் களப்பணியாளரின் நேரடிச் சந்திப்பும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தன. 2023, 2024இல் கொலைகள் வேகமாகக் குறைந்தன. பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்ததும், தடுப்புப் பணிக்குப் பணம் வந்ததும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கவலை எல்லாம் அந்தப் பணத்தைப் பற்றித்தான். 2022இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் சமூக வன்முறைத் தடுப்புக்காக 25 கோடி டாலரை ஒதுக்கியது. பல சிறிய நகரங்கள் முதன்முறையாகக் களப்பணியாளர்களை நியமித்தது இத்தகைய நிதியால்தான். 2025 ஏப்ரலில் நீதி அமைச்சகம் சுமார் 80 கோடி டாலர் மதிப்புள்ள பலவகை மானியங்களை நடுவிலேயே நிறுத்தியது. அவற்றில் இந்தத் தடுப்புப் பணிகளும் அடக்கம். பெருநகரங்களுக்கு அறக்கட்டளைகளும் பெரும் நிறுவனங்களும் உண்டு. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் நான்கு களப்பணியாளர்களின் சம்பளம் நின்றால் அந்த முயற்சியே நின்றுவிடும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2011 முதல் லோவெல், ஹோலியோக், ஃபால் ரிவர், பிராக்டன் போன்ற நகரங்களில் பதினேழு முதல் இருபத்துநான்கு வயது வரையான, ஏற்கெனவே வன்முறையில் சிக்கிய இளைஞர்களுக்காகவே மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிவருகிறது. வாஷிங்டனில் ஆட்சி மாறினாலும் அந்தக் களப்பணியாளர் மறுநாள் காலை அதே பையனின் வீட்டுக் கதவைத் தட்ட முடிகிறது. மற்ற மாநிலங்களில் இருக்கும் இதே அளவு ஊர்களுக்கு, இப்போதைக்கு அப்படி ஓர் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை.